கல்லூரி முடிவதற்குள் ஒரு கணக்கெடுப்பு: நீங்கள் எப்படி மாறினீர்கள், யார் உங்கள் நண்பர்கள்

கல்லூரியின் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிப்பை முடித்து ஓராண்டுக்குள் இருப்பவர்களுக்கும் பயன்படும். இத்தனை ஆண்டுகளில் நான் என்ன ஆனேன், இவர்களில் யாரோடு இனியும் தொடர்பு இருக்கும் என்று ஒருமுறையாவது உட்கார்ந்து யோசிக்க எல்லோருக்கும் தோன்றும். ஆனால் பெரும்பாலும் தாமதமாகத்தான் தோன்றும். எனக்குத் தோன்றியபோது கல்லூரி மின்னஞ்சல் மூடப்பட்டிருந்தது, போன் மாறியிருந்தது, வகுப்புக் குழுவில் பலருடைய எண்கள் பழசாகியிருந்தன. சிதறிக் கிடந்ததைச் சேர்க்கவே மாதக்கணக்கில் ஆனது. யோசிக்கும் வேலையே அதற்கு அப்புறம்தான் தொடங்கியது.

இதற்குப் பணம் அநேகமாகத் தேவைப்படாது. ஒரு நோட்டு, ஒரு பென்டிரைவ், வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். வேலை முடியும்போது உங்கள் கையில் செமஸ்டர் வாரியாக ஒரு பதிவும், ஒரு சிறிய பெயர்ப் பட்டியலும் இருக்க வேண்டும். தீர்க்க வேண்டிய பாக்கிகள் தீர்ந்திருக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நினைவை மட்டும் நம்பி இதைச் செய்யாதீர்கள். நினைவு கடைசி மாதத்தை வைத்துக்கொண்டு முழுப் படிப்புக் காலத்தையும் எடைபோட்டுவிடும். ஆதாரத்தை எதிரே வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. முதலில் தேதிகளைக் குறியுங்கள்

கடைசித் தேர்வு முடியும் நாளிலிருந்து பத்து வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். அங்கே தொடங்க வேண்டும். முதல் மூன்று வாரம் திரட்டுவதற்கு, அடுத்த மூன்று எழுதுவதற்கு, அதன்பின் இரண்டு வாரம் ஆட்களைச் சந்தித்துப் பேசுவதற்கு. தேர்வு நடக்கும் கடைசி இரண்டு வாரத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்க வேண்டிய தேதிகள் நான்கு: கல்லூரி மின்னஞ்சல் கணக்கு எப்போது மூடப்படும், ஹாஸ்டல் அறையை எப்போது காலி செய்ய வேண்டும், நூலகக் கணக்கை எப்போது முடிக்க வேண்டும், வைப்புத்தொகையைத் திரும்பப் பெற எப்போது விண்ணப்பிக்க வேண்டும். சீனியர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில இடங்களில் மின்னஞ்சல் காலமெல்லாம் இருக்கும், சில இடங்களில் சான்றிதழ் வாங்கிய கையோடு போய்விடும். பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பிரிவு விழா நடக்கும் வாரத்தில் யாரைப் பற்றியும் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்த வாரத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உயிர் நண்பர்கள்தான்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

அதிக நேரம் பிடிப்பதும், தள்ளிப்போட்டால் திரும்பச் செய்ய முடியாததும் இந்தப் படிதான். தேட வேண்டியவை இவை:

- சேர்க்கைக்காக நீங்கள் எழுதிய விண்ணப்பமும், "ஏன் இந்தப் படிப்பு" என்ற கேள்விக்கு அன்று தந்த பதிலும்
- முதல் செமஸ்டரில் எழுதிய ஏதாவது ஒரு அசைன்மென்ட், கடைசி ஆண்டில் எழுதிய ஒன்று
- எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும்
- பழைய நோட்டுகள், முக்கியமாகக் கடைசிப் பக்கங்கள். மனதில் இருந்ததை நாம் அங்கேதான் கிறுக்கி வைத்திருப்போம்
- வாட்ஸ்அப் உரையாடல்கள்
- தேதியோடு கூடிய புகைப்படங்கள்
- வங்கிக் கணக்கு அறிக்கை அல்லது பணம் அனுப்பிய ஆப்பின் பட்டியல்

கடைசியில் இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முதலாண்டில் யாரோடு சுற்றினீர்கள் என்று உங்களுக்கு மறந்திருக்கும், செலவுப் பட்டியலுக்கு மறந்திருக்காது.

மின்னஞ்சல்: கல்லூரிக் கணக்கு கூகுளில் இயங்கினால் 'கூகுள் டேக்அவுட்' என்ற வசதி வழியாக அஞ்சல், டிரைவ் கோப்புகள், படங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். இதில் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. முதலாவது, நிர்வாகம் அந்த வசதியை நிறுத்தி வைத்திருக்கலாம். அப்படியானால் முக்கியமானதை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கோப்பு தயாரானதும் வரும் இணைப்பு சுமார் ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும். வந்ததும் இறக்குங்கள். மூன்றாவது, உங்கள் சொந்த கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி மட்டுமே. அஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றும் அதையேதான் பங்கு போட்டுக்கொள்கின்றன. எல்லாவற்றையும் அங்கே கொட்டினால் புது அஞ்சல் வருவது நின்றுபோகும். பென்டிரைவ் போதும்.

இன்னொரு வேலையும் உண்டு. கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்து எங்கெங்கே கணக்குத் தொடங்கினீர்கள் என்று பாருங்கள். அங்கெல்லாம் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிட வேண்டும். பாஸ்வேர்டை மீட்கும் வழி மூடிய முகவரிக்குப் போனால் அந்தக் கணக்கு போனதுதான்.

வாட்ஸ்அப்: ஒவ்வொரு உரையாடலிலும் 'எக்ஸ்போர்ட் சாட்' என்று ஒரு தேர்வு இருக்கும். அது எழுத்துக் கோப்பாக வரும். படிக்கலாம், தேடலாம், ஆனால் மறுபடி வாட்ஸ்அப்புக்குள் ஏற்ற முடியாது. நீளமான உரையாடல் முழுதாக வராது, பழைய பகுதி வெட்டுப்படும். படங்களோடு எடுத்தால் இன்னும் குறைவாகவே வரும். அதனால் படங்கள் இல்லாமல் ஒருமுறை எடுத்துவிட்டு, தேவையான படங்களைத் தனியாகச் சேமியுங்கள். குழுவில் மேம்பட்ட தனியுரிமை அமைப்பைப் போட்டிருந்தால் எக்ஸ்போர்ட் ஆகாது. மறையும் செய்திகளை இயக்கி வைத்திருந்தால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ செய்தி அழிந்திருக்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, விடுங்கள்.

படங்கள்: வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்குள் எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் இருக்காது. அனுப்பும்போதே கழன்றுவிடும். ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரில் இருக்கும் எண்களில் ஆண்டு, மாதம், நாள் தெரியும், ஆனால் அது வந்த தேதிதான், எடுத்த தேதி அல்ல. உண்மையான தேதி வேண்டுமென்றால் படத்தை எடுத்தவரிடமே மூலக் கோப்பைக் கேளுங்கள். இந்தச் சாக்கில் நெடுநாளாகப் பேசாத ஒருவரிடம் பேசவும் முடியும்.

ஒரு எச்சரிக்கை. உரையாடல் கோப்பில் பிறர் சொன்னதும் இருக்கிறது. அவர்கள் அதை உங்களிடம் மட்டும் சொன்னார்கள். பொது கணினியில் இறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டை வேடிக்கைக்காகக் கூடக் குழுவில் போடாதீர்கள். கடைசி மாதத்தில் நட்புகள் உடைவதற்கு இது ஒரு நிச்சயமான வழி.

3. செமஸ்டருக்கு ஒரு தாள்

ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு தாள் எடுத்து, திரட்டியதைப் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள். எங்கே தங்கினேன், யாரோடு அதிக நேரம் இருந்தேன், எதற்குப் பயந்தேன், பணம் எப்படி இருந்தது, என்ன புதிதாகச் செய்தேன், எதை விட்டேன். இவ்வளவுதான். இந்தத் தாளில் "அருமையான காலம்", "மோசமான செமஸ்டர்" போன்ற தீர்ப்புகள் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

ஒரு தாளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். மூன்றாவது தாளுக்கு மேல் கை தானாகவே கதை கட்ட ஆரம்பித்துவிடும். ஏதாவது ஒரு செமஸ்டர் காலியாக இருந்தால் அதை அப்படியே விடுங்கள். எதுவும் பதிவாகாத காலமும் ஒரு தகவல்தான், பெரும்பாலும் அது நீங்கள் ஒதுங்கியிருந்த காலமாக இருக்கும்.

4. மாற்றத்தைச் சோதியுங்கள்

"தன்னம்பிக்கை வளர்ந்தது" என்று எழுதினால் அது நேர்முகத் தேர்வுக்குத்தான் உதவும். செயலாக எழுதுங்கள். முன்பு முடியாமல் இருந்து இப்போது முடிவது எது? தெரியாததைத் தெரியாது என்று வகுப்பில் சொல்ல முடிகிறதா? தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா? மறுக்க முடிகிறதா? அலுவலகத்துக்குப் போன் செய்து வேலையை முடிக்க முடிகிறதா? வீட்டில் ஒரு கெட்ட செய்தியை நேராகச் சொல்ல முடிகிறதா? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆதாரம் ஒன்று எழுதுங்கள்: எந்தத் தாளில், எந்த நிகழ்ச்சி. ஆதாரம் கிடைக்கவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

அதே தாளின் மறுபக்கத்தில் குறைந்ததையும் எழுதுங்கள். தூக்கம், படிக்கும் பழக்கம், வீட்டாரோடு பேசும் பேச்சு, முன்பு இருந்த பொறுமை. இந்தப் பக்கம் காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

ஏதாவது ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப மனதைக் கடித்தால், அதற்கு மட்டும் வேறு முறை உண்டு. 1980களில் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் சோதித்துப் பார்த்த முறை: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடம், எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படாமல், நடந்ததையும் அது உங்களுக்கு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதி முடித்த உடனே மனசு இன்னும் கனமாக இருக்கலாம், அது எதிர்பார்க்கப்பட்டதுதான். நாள்கள் போனாலும் குறையவில்லை, அல்லது எழுதவே பயமாக இருக்கிறது என்றால் நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் மாணவராக இருக்கும்போதே போய்விடுங்கள், பெரும்பாலும் செலவு இருக்காது. படிப்பு முடிந்துவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும்.

"இதுதான் நான், இனி பெரிதாக மாறமாட்டேன்" என்ற எண்ணம் இந்தக் கட்டத்தில் வரும். அதை நம்பாதீர்கள். உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். கடந்த பத்தாண்டில் நிறைய மாறிவிட்டேன், ஆனால் அடுத்த பத்தாண்டில் அவ்வளவு மாறமாட்டேன் என்றே எல்லா வயதினரும் சொன்னார்கள். ஆகவே தாளின் கடைசியில் "இன்றைய நிலவரம்" என்று தேதி போட்டு முடியுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

நண்பருக்கு வேலை கிடைத்ததா, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் இந்தத் தாளுக்குள் வரக் கூடாது. அது வேறு கணக்கு.

5. நண்பர்களின் பட்டியல்

செமஸ்டர் தாள்களில் வந்த எல்லாப் பெயர்களையும் ஒரு இடத்தில் எழுதுங்கள். எதிர்பார்த்ததைவிட நீளமாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எது எங்களைச் சேர்த்து வைத்தது என்று ஒரு வரி. ஒரே அறை, ஒரே பெஞ்ச், ஒரே ப்ராஜெக்ட், ஒரே பேருந்து, ஒரே எரிச்சல் (ஒரு பேராசிரியர் மேல் இருந்த பொதுக் கோபத்தில் வளர்ந்த நட்புகள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு).

இந்த வரியை எழுதும்போது கொஞ்சம் வலிக்கும், ஏனென்றால் பாதிக்கு மேல் இடம்தான் காரணமாக இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் வேறு இருவரும் ஒரு பல்கலைக்கழகக் குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் வெளியிட்ட நூலிலும், பக்கத்து வீட்டுக்காரர்களே அதிகம் நண்பர்களாகியிருந்தார்கள். நட்பு அப்படித் தொடங்குவது இயல்பு. நாம் பார்க்க வேண்டியது, அந்த இடம் இல்லாமல் போனால் என்ன மிச்சம் என்பதைத்தான்.

அதற்கு ஒரு சோதனை: இந்த ஆளோடு கல்லூரியைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி போட்டால் அரை மணி நேரம் பேச முடியுமா? முடியும் என்றால் ஒரு குறி. அவருக்குப் போன வாரம் என்ன கவலை என்று தெரியுமா? தெரிந்தால் இன்னொரு குறி. என் கெட்ட செய்தியை முதலில் இவரிடம் சொல்லியிருக்கிறேனா? மூன்றாவது குறி. மூன்றும் விழுந்தவர்கள் சிலர்தான் இருப்பார்கள். ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் மனிதர்களின் மிக நெருங்கிய வட்டம் ஐந்து பேர் அளவிலும், அதற்கு அடுத்தது பதினைந்து பேர் அளவிலும் இருப்பதாகச் சொல்கிறார். உங்கள் எண்ணிக்கை சின்னதாக இருந்தால் பதற வேண்டாம்.

குறி எதுவும் விழாதவர்களை வெட்டிவிடவும் வேண்டாம். அவர்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் மட்டும் சரிபார்த்து வையுங்கள். 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் காட்டியது இன்றும் பொருந்துகிறது: வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்கள் வழியாகவே அதிகம் வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும் அல்லவா?

இப்போது வரும் பெரிய சிக்கல் இது. கடந்த மாதம் நடந்த சண்டையை வைத்து ஒருவரைக் கீழே இறக்குவது, கடந்த மாதம் சிரித்ததை வைத்து ஒருவரை மேலே ஏற்றுவது. அதற்காகத்தான் தாள்கள். எத்தனை செமஸ்டர் தாளில் அந்தப் பெயர் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பட்டியலை யாரிடமும் காட்டாதீர்கள். முதல் இடத்தில் இருப்பவரிடமும் கூடாது. அவர் மகிழ்ச்சியில் இன்னொருவரிடம் சொல்லிவிடுவார்.

6. பாக்கியைத் தீருங்கள்

பணம், பொருள், மன்னிப்பு, நன்றி. இதே வரிசையில் போங்கள். பணம் தீராமல் மன்னிப்புக் கேட்டால் அது பேரம் மாதிரி இருக்கும்.

பணம்: தர வேண்டியதை முதலில் தாருங்கள், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வர வேண்டியதைக் கேட்பதுதான் கடினம். பூசி மெழுகினால் இருவருக்கும் சங்கடம். தொகையும் காரணமும் தேதியும் சொல்லிக் கேளுங்கள். "போன வருஷப் பயணத்துக்கு நான் போட்ட பணத்தில் உன் பங்கு பாக்கி இருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பிடு. முடியலன்னா சொல்லு, ரெண்டு தடவையா கொடு." இவ்வளவு போதும். தனிச் செய்தியாக அனுப்புங்கள், குழுவில் வேண்டாம். இருமுறை கேட்டும் வரவில்லை என்றால், அந்தத் தொகையை விட்டுவிட முடியுமா என்று உங்களையே கேட்டு முடிவெடுங்கள். விடுவதென்றால் முழுதாக விடுங்கள். பிறகு அதைப் பற்றி மூன்றாவது ஆளிடம் பேசக் கூடாது. கூட்டாகக் கட்டிய வைப்புத்தொகை, பொதுவாக வாங்கிய பொருள் இருந்தால், யார் பெயரில் ரசீது இருக்கிறது என்று பார்த்து அந்த ஆள் ஊரை விட்டுப் போகும் முன் பிரித்துக்கொள்ளுங்கள். ரசீது தொலைந்த கூட்டுக் கணக்கு போல் நட்பைக் கெடுப்பது வேறில்லை.

பொருள்: புத்தகம், சார்ஜர், சட்டை, ஹெல்மெட். ஒரு மாலையில் முடிகிற வேலை.

மன்னிப்பு: நேரில் கேளுங்கள், தனியாக, பத்து நிமிடத்துக்குள். என்ன செய்தீர்கள் என்று பெயரிட்டுச் சொல்ல வேண்டும். "உனக்கு வருத்தமா இருந்திருந்தா மன்னிச்சிடு" என்பது மன்னிப்பில் சேராது, அது அவர் வருத்தப்பட்டதையே சந்தேகிப்பது. "அன்னிக்கு ப்ராஜெக்ட்ல உன் பேரை நான் சொல்லாம விட்டேன். அது தப்பு" என்றால் கேட்பவருக்குப் புரியும். பதிலுக்கு அவரும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் 'சரி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அதோடு முடிந்தது. தொடர்பு வேண்டாம் என்று ஏற்கெனவே சொன்னவரிடம் போகவே போகாதீர்கள். அங்கே நீங்கள் தேடுவது உங்கள் நிம்மதியை, அதற்கு அவர் நேரம் தர வேண்டியதில்லை. உங்களைத் துன்புறுத்திய ஒருவரை மன்னித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பட்டியலில் அந்தப் பெயரைத் தனியே எழுதி, அப்படியே விட்டுவிடுங்கள்.

நன்றி: இதை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், அசட்டுத்தனமாக இருக்குமோ என்று. 2018இல் ஆய்வாளர்கள் அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் நன்றிக் கடிதம் எழுதியவர்களையும் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். எழுதியவர்கள், பெறுபவருக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்பதை மிகையாகவும், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்பதைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். வார்த்தை அழகாக இருக்கிறதா என்பதில் எழுதியவர்களுக்கு இருந்த கவலை, பெற்றவர்களுக்கு இல்லை. ஐந்தாறு வரி போதும்: எந்த நாள், என்ன செய்தீர்கள், அதனால் எனக்கு என்ன ஆனது. நண்பர்களோடு நிறுத்தாமல் ஹாஸ்டல் ஊழியர், நூலகர், ஆய்வக உதவியாளர், ஒரு ஆசிரியர் என்று யாராவது இருப்பார்கள். வளாகத்தை விட்டுப் போனால் அவர்களில் பலரைத் திரும்பப் பார்க்க வழியே இருக்காது, அதனால் முதலில் அவர்களிடம் போங்கள்.

ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் என்றால் நன்றிக் கடிதத்தோடு அதைக் கலக்காதீர்கள். கடிதத்தைத் தனியாக, குறைந்தது மூன்று நான்கு வாரம் முன்னதாகக் கேளுங்கள். நீங்கள் எழுதிய செமஸ்டர் தாள்களிலிருந்து அவர் வகுப்பில் நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கமாகத் தொகுத்துக் கொடுத்தால் அவருக்கும் சுலபம்.

7. பிரியும் முன் ஒரு ஏற்பாடு

மூன்று குறி விழுந்தவர்களோடு மட்டும் இந்தப் பேச்சு. "தொடர்பில் இருப்போம்" என்று சொல்லிக் கட்டிப்பிடித்துப் பிரிவது அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ஏற்பாடு ஒன்றும் இல்லை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகும் என்று கணக்கிட்டார். சேர்ந்து வேலை செய்த நேரத்துக்கு, சும்மா சேர்ந்து இருந்த நேரம் அளவுக்கு மதிப்பில்லை. கல்லூரியில் இந்த நேரம் கேட்காமலே கிடைத்தது. வேலைக்குப் போனபின் இருவருக்கும் பொதுவான அரை மணி நேரம் கிடைப்பதே பெரிது.

ஆகவே பேசி முடிவு செய்யுங்கள்: மாதத்தில் எந்த நாள், போனா வீடியோவா, தவறினால் யார் மறுபடி கூப்பிடுவது. ஒருவருக்குத் தினமும் செய்தி அனுப்பப் பிடிக்கும், இன்னொருவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீளமாகப் பேசப் பிடிக்கும். இதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே சந்திப்பில் சொந்த மின்னஞ்சல், வீட்டு எண், நிரந்தர முகவரி மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். போன் தொலைந்தாலும் தாள் இருக்கும்.

குழுவைப் பொறுத்தவரை இரண்டு வேலை. குறைந்தது இரண்டு பேரை அட்மின் ஆக்குங்கள். ஒரே அட்மின் பழைய எண்ணைக் கைவிட்டுவிட்டால், அட்மின் மட்டுமே ஆள் சேர்க்கலாம் என்று வைத்திருக்கும் குழுவில் புது எண்களைச் சேர்க்க ஆள் இருக்காது. எல்லோர் படங்களுக்கும் ஒரு பொது ஆல்பம் தொடங்கினால், அது கல்லூரிக் கணக்கில் இல்லாமல் ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருக்கட்டும்.

வருஷம் தவறாமல் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவோம் என்ற திட்டத்தை நம்பி எதையும் விடாதீர்கள். முதலாண்டு பாதிப் பேர் வருவார்கள், அடுத்த ஆண்டு தேதி முடிவு செய்வதிலேயே போகும். நடந்தால் சந்தோஷம். இருவர் மூவராகச் சந்திப்பதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

8. முதலாண்டுக்கான நினைவூட்டல்கள்

போனில் மூன்று தேதிகளைப் போட்டு வையுங்கள். பிரிந்து ஒரு மாதம்: எல்லோரும் புது இடத்தில் தடுமாறும் நேரம், ஒரு வரிச் செய்திகூடப் போதும். மூன்று மாதம்: யார் பதிலே போடவில்லை என்று பார்க்கலாம், ஆனால் அதற்கு அர்த்தம் கற்பிக்காதீர்கள். ஆறு மாதம்: பட்டியலை மறுபடி எடுங்கள். நீங்கள் எதிர்பாராத ஒருவர் மேலே வந்திருப்பார்.

நெடுநாள் இடைவெளிக்குப் பின் திடீரென்று செய்தி அனுப்பத் தயங்குவீர்கள். பெகி லியு என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, அப்படி வரும் செய்தியை எதிர்முனையில் இருப்பவர் நாம் நினைப்பதைவிட அதிகம் மதிக்கிறார். எதிர்பாராமல் வந்தால் இன்னும் அதிகம். ஆகவே காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். "உன் ஞாபகம் வந்துச்சு, எப்படி இருக்க?" என்பதே போதும்.

மூன்றுமுறை நீங்களாகக் கூப்பிட்டும் ஒன்றும் திரும்பி வரவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். எண்ணை அழிக்க வேண்டியதில்லை.

9. எதை வைப்பது, எதை அழிப்பது

செமஸ்டர் தாள்களையும் முகவரித் தாளையும் மதிப்பெண் பட்டியல் வைத்திருக்கும் அதே கோப்புறையில் வையுங்கள், அப்போதுதான் வீடு மாறும்போது தொலையாது. இறக்கிய கோப்புகளுக்கு இரண்டு பிரதி: ஒன்று பென்டிரைவில், ஒன்று வேறு எங்காவது. இணையத்தில் வைத்தால் அந்தக் கணக்கை அவ்வப்போது திறக்க வேண்டும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை கூகுள் அழிக்கலாம் என்பது 2023இல் வந்த விதி. பென்டிரைவும் சாகாவரம் பெற்றதல்ல, ஓராண்டுக்கு ஒருமுறை செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

அழிக்க வேண்டியவை: நண்பர்களுக்குக் குறி போட்ட பட்டியல் (ஆறு மாதப் பார்வை முடிந்ததும்), நான்கு நாள் எழுதிய தாள்கள் (மறுபடி படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை), பிறர் ரகசியம் சொன்ன உரையாடல்களின் எக்ஸ்போர்ட் கோப்புகள். கடைசியாகச் சொன்னவற்றை மெயிலில் உங்களுக்கே அனுப்பியிருந்தால் அனுப்பிய பெட்டி, வந்த பெட்டி, குப்பைப் பெட்டி மூன்றிலும் தேடி நீக்குங்கள். கணினியில் பதிவிறக்கங்கள் போகும் ஃபோல்டரையும் ஒருமுறை பாருங்கள், அங்கே ஒரு பிரதி அநேகமாக இருக்கும்.